மூடியின் உட்புறம்

லோகேஸ்வரனை அந்த லயத்துக்கு, அதுதான் தோட்டத்து ஆட்களின் வரிசை வீட்டுக்கு, கூட்டிக்கொண்டு போனது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி, "அப்படியா பழனியப்பா?" என்று நீங்கள் என்னைக் கேட்க வேண்டாம்.

எனக்குத் திரிங்காப் சரிவில் ஒரு பூத்தோட்டம். செவ்வந்தி மட்டும்தான். வாரத்தில் மூன்று நாள் லோரியில் பூ ஏற்றிக்கொண்டு, கோலா தெர்லா தாண்டி, மலைப்பாதையில் ஈப்போவுக்கு இறங்குவேன். மழை இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம். மழை இல்லாவிட்டால் என்பது ஒரு பேச்சுக்குத்தான். நான் பூ இறக்கும் கடைக்கு எதிரே லோகேஸ்வரனின் பழம்பொருள் கடை. மனிதர் தங்கமானவர், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஒருநாள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு பழைய பிரயாணப் பெட்டியின் படத்தைக் காட்டி, "இந்த மாதிரிப் பொட்டி ஒண்ணுக்காக நாலு வருசமா அலையுறேன் பாஸ்" என்றார். "இதே மாதிரி எங்க பக்கம் ஒரு வீட்ல இருக்கே, அதும் மேலதான் டிவி வெச்சிருக்காங்க" என்றேன். நாக்கு சும்மா கிடக்குமா? கிடந்திருக்கலாம்.

அது கிரகரியின் வீடு. கிரகரி எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் இயந்திரம் தூக்குகிறவன். அந்த இயந்திரத்துக்கு இரண்டு ஆள் வேண்டும், செடி வரிசைக்கு அந்தப் பக்கம் ஒருவன், இந்தப் பக்கம் ஒருவன். இந்தப் பக்கம் இருபத்தோரு வருடமாகக் கிரகரி. அந்தப் பக்கம் நேப்பாளத்து ஆள் வருவான், போவான், வங்காளதேசத்து ஆள் வருவான், போவான். "நான் மாறல அண்ணே, எதிர்த்தாப்புல உள்ளவன்தான் மாறிக்கிட்டே இருக்கான்" என்பான். ஒரே பக்கமாகத் தூக்கித் தூக்கி அவனுடைய வலது தோள் இறங்கிவிட்டது. சட்டை தைக்கக் கொடுத்தால் தையல்காரன் திட்டுவான்.

அவன் மனைவி நவமணி என் கொட்டகையில் பூக்கட்டுகிறாள். பத்துத் தண்டு ஒரு கட்டு. எண்ணவே மாட்டாள், கைக்குள் வந்தால் பத்துதான். ஒரே மகள் டெபோரா. பதினெட்டு வயது. நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது, ஜனவரி மாதம் போய்ச் சேர வேண்டும். கையில் நீல ஐசி, அதுதான் குடிமக்களின் அடையாள அட்டை, இருந்தால் சேரலாம். டெபோராவிடம் அது இல்லை.

கதை இதுதான். நவமணி வைத்திருப்பது சிவப்பு ஐசி. மலேசியாவில் இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரி இல்லை என்று அதற்குப் பொருள். அவள் பிறந்தது ஏழாம் நம்பர் லயம். பிறந்த வீட்டுக்கும் இப்போது குடியிருக்கும் வீட்டுக்கும் நடுவே நாற்பது அடிகூட இருக்காது. ஆனால் அவளுக்குச் சூராட் பெரானாக், அதுதான் பிறப்புப் பத்திரம், கிடையாது. சரி, கிரகரி நீல ஐசிக்காரன்தானே, பிள்ளை அப்பனைச் சேர்ந்ததுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் இன்னொரு கூத்து. தோட்டத்துக் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, நவமணிக்கு ஞானஸ்நானமும் கொடுத்து, சாமியார் மோதிரம் மாற்றிவைத்து, ஆட்டுக்கறிச் சோறு போட்டு நடந்த கல்யாணம். "போய்ப் பதிஞ்சிடுங்கப்பா" என்று சாமியார் சொல்லித்தான் அனுப்பினார். போகலாம் போகலாம் என்று இவர்கள் போனபோது டெபோராவுக்கு மூன்று வயது. பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளை தாயின் பக்கம் போகும். தாய் சிவப்பு. டெபோராவின் பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகள் அல்ல' என்று அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள்.

வக்கீல் ஒருவரைப் பிடித்துப் பார்க்கலாம் என்று கிரகரி சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் லோகேஸ்வரனைக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். உதவி செய்கிறேன் என்று நினைப்பு.

கிரகரியும் டெபோராவும் டிவியைத் தூக்கிக் கீழே வைத்தார்கள். வருடா வருடம் கிறிஸ்துமசுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது கதவு, ஜன்னல், பெட்டி மூன்றுக்கும் ஒரே பச்சைப் பெயிண்ட். மூடியைத் திறந்தால் உள்ளே பரிசுப்பொருள் சுற்றும் தாள், மணியும் நட்சத்திரமும் போட்டது, பளபளவென்று ஒட்டியிருந்தது. லோகேஸ்வரன் மண்டியிட்டு, பூட்டுக்குப் பக்கத்தில் நகத்தால் சுரண்டினார். பித்தளை தெரிந்தது. அதில் வெட்டிய எண்கள் தெரிந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி மாட்டினார்.

"இது யாரு குடுத்தது?"

"எங்கப்பாவுக்குத் துரை குடுத்தது சார்" என்றாள் நவமணி. "எங்கப்பா இராமையா ஆபீஸ்ல பியூனு. கிளேட்டன் துரை ஊருக்குப் போறப்ப, இது பாரம், நீயே வெச்சுக்கோன்னு குடுத்துட்டாரு."

"பெலார்தோன்" என்றார் லோகேஸ்வரன். சாமி பெயரைச் சொல்வதுபோல் சொன்னார். "பிரான்ஸ்ல லியோன்னு ஒரு ஊரும்மா. அங்க ஆத்துல படகு ஓட்டுறவன் மகன் இந்த பெலார்தோன். தச்சு வேலை. ஒரு வருசம் ஊர்ல காலரா வந்து சனங்க கொத்துக் கொத்தா செத்தாங்க. அப்ப இவன் செஞ்சது சவப்பொட்டி."

"ஏசுவே! அப்ப எங்க வீட்ல இருக்கிறது சவப்பொட்டியா?"

"கேளுங்கம்மா. ஒரு நாளைக்கு முப்பது, நாப்பது பொட்டி. எதுல யாருன்னு கொழம்பிப்போச்சு. அப்பனுக்குன்னு அழுது, அடுத்த தெருக்காரனைப் பொதைக்கிறான். அதனால இவன் ஒவ்வொரு பொட்டியிலயும் ஒரு நம்பரை வெட்டி, அந்த நம்பரையும் ஆளு பேரையும் ஒரு நோட்டுல எழுதி வெச்சான். காலரா நின்னுச்சு. மரம் மலையா மிச்சம் கெடக்கு. அதுல பிரயாணப் பொட்டி செய்ய ஆரம்பிச்சான். அந்தக் காலத்துல பொட்டி மூடி எல்லாம் கூன் போட்டிருக்கும், மழைத்தண்ணி வழியணும்னு. இவன் தட்டையா வெச்சான். கப்பல்ல ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கலாம். அவ்வளவுதான், பணக்காரனுங்க பூரா அவன் கடை வாசல்ல."

"டிவி வைக்கவும் அதான் தோது" என்றான் கிரகரி.

"நம்பர் போடுறதை மட்டும் அவன் விடல. மகனும் விடல, பேரனும் விடல. சண்டைக் காலத்துல ஜெர்மன்காரன் வந்தப்ப, பேரன் பொண்டாட்டி அந்த நோட்டுங்களை மாவு மூட்டைக்குள்ள போட்டுத் திராட்சைத் தோட்டத்துல பொதைச்சு வெச்சா. இன்னிக்கும் நம்பரை அனுப்புனா போதும். யாரு வாங்குனா, எந்தக் கப்பல்ல போச்சு, எல்லாம் எழுதி அனுப்புவாங்க."

"பொட்டிக்கா இவ்வளவும்?" என்றாள் டெபோரா. சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

விலையைப் பற்றிப் பேச்சு வேண்டாம். நியாயமான விலை. அன்றைக்கே என் லோரியில் பூவுக்கு நடுவே பெட்டியை ஏற்றி, நானே ஈப்போவில் கொண்டுபோய் இறக்கினேன்.

பதினைந்து நாள் போயிருக்கும். நவமணி ஒருநாள் வேலைக்குக் காலை பத்து மணிக்கு வந்தாள். முந்தின நாள் மூவரும் பதிவு ஆபீசுக்குப் போயிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். பிளாஸ்டிக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. மேசையில் வெட்டிய பூ குவிந்திருந்தது. அவள் பேப்பரை விரித்து, தண்டுகளை அள்ளி, சுற்றி, ரப்பர் வளையத்தைப் போட்டாள். நான் எடுத்துப் பார்த்தேன். எட்டுத் தண்டு.

"என்னம்மா, பசியாறலையா?"

"பசியாறியாச்சுண்ணே." அடுத்த கட்டை எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டாள். "ஆபீஸ்ல புதுசா ஒரு மலாய்க்காரப் பொண்ணு இருக்குண்ணே. நல்ல மாதிரி. அக்கா அக்கான்னு பேசுது. டெபோராவைப் பாத்து, நீ நர்ஸ் ஆனா எனக்கு ஊசி மெல்லப் போடணும்னு சிரிச்சுச்சு. இத்தனை வருசமா போறோம், சூராட் பெரானாக் இருக்கா, இல்ல, அப்பப் போ. இதுதான கேப்பாங்க? இந்தப் பொண்ணு அப்படிக் கேக்கல. அக்கா, நீங்க பொறந்தப்ப மருந்துக்கொட்டகை டிரெசர் எழுதுன சீட்டு, புள்ளைங்களைப் பாத்துக்குற ஆயாக் கொட்டகைப் பேரேடு, ஏதாச்சும் ஒரு தாளு, அந்தக் காலத்துல எழுதுனதா இருந்தா போதும், அதை வெச்சு நான் மேல அனுப்புறேன், உங்களுக்கு ஒரு வழி பொறந்தா மக கேஸும் நகரும்னு சொல்லுச்சு."

"அடடே, நல்ல சேதிதானே. இருக்கா உங்கிட்ட?"

"இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா?"

"பொட்டியில இருந்துச்சுண்ணே. மூடிக்கு உள்பக்கம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் நின்றபடியே சொன்னாள். பூவை ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்.

அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது தோட்டத்து மருந்துக்கொட்டகையை மூடியிருக்கிறார்கள். பழைய புத்தகங்களை எரிக்கச் சொல்லி பியூன் இராமையாவிடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்று பிள்ளைப்பேறு எழுதும் புத்தகம். இன்ன தேதி, இன்ன லயம், இன்னாருக்கு ஆண், இன்னாருக்குப் பெண், இத்தனை பவுண்டு என்று டிரெசர் எழுதியது. கெட்டித் தாள். பெட்டிக்குள் துணி கிழிந்துகிடந்தது, ஒட்டலாம் என்று இராமையா வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கணக்கெழுதும் கிராணியிடம் காட்டி, தன் மகள் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பக்கத்தை மூடியின் நட்ட நடுவிலும், மற்றப் பக்கங்களைப் பெட்டியின் உட்சுவர்களிலும் ஒட்டினார். மரவள்ளிக்கிழங்கு மாவுப் பசை. கரப்பான் அரிக்காமலிருக்க அதில் துத்தம் கலந்தது.

"பத்திரமா இருக்கட்டும்னுதாண்ணே ஒட்டுனாரு. யாராச்சும், ஏன் இராமையா, புள்ளைக்குச் சூராட் எடுக்கலையான்னு கேட்டா, அதெல்லாம் பதிஞ்சாச்சு, வீட்லயே இருக்குன்னுவாரு. சர்க்கார் புத்தகத்துல இருந்த தாளு, நம்ம வீட்டுப் பொட்டியில இருக்கு, இதைவிட என்ன வேணும்னு நெனைச்சாரு. புள்ளை பொறந்தா போலீஸ் டேசன்ல போய்ச் சொல்லிப் பதியணும்னு அவருக்குத் தெரியல. நானும் சின்னப் புள்ளையில மூடியைத் தெறந்து எம் பேரு இருந்த எடத்துல வெரலை வெச்சு வெச்சுப் படிப்பேன். அப்புறம் அம்மா அதும்மேல காலண்டர் தாளை ஒட்டுச்சு. கல்யாணத்துக்கப்புறம் நான் வருசா வருசம் கிறிஸ்துமஸ் தாளை ஒட்டுனேன். மறந்தே போச்சு. சூராட்டுன்னா சர்க்கார் முத்திரை போட்டது, இது டிரெசர் கிறுக்குன தாளு, இதை யாரு கேப்பாங்கன்னு."

"நேத்தே ஏம்மா சொல்லல?"

"ராத்திரி பூரா யோசிச்சேன். எப்படிச் சொல்றதுன்னு. வித்தது நாங்கதானே."

நான் கைப்பேசியை எடுத்தேன். லோகேஸ்வரன் பினாங்கில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "பொட்டி ஈப்போவுல குகன் பட்டறையில இருக்கு பாஸ். பழுது பாக்குறான். வேலை நேரத்துல ஃபோனை அடைச்சு வெச்சிருவான். நீங்க நேரா போயிருங்க. தொடாதேன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க. நானும் பொறப்பட்டு வந்துடுறேன்" என்றார்.

பூ மேசையிலேயே கிடந்தது. கிடந்து வாடட்டும் சனியன் என்று லோரியை எடுத்தேன். தேயிலை மலையில் போய்க் கிரகரியைக் கூப்பிட்டோம். இயந்திரத்தை எதிர்ப்பக்கத்து ஆளிடம் அப்படியே விட்டுவிட்டு, சேற்றுப் பூட்சோடு ஏறிக்கொண்டான். நவமணி நடுவில். கோலா தெர்லா தாண்டி நாலு மைல் போகவில்லை, வரிசை கட்டிக் காடிகள் நின்றன. மலையிலிருந்து மண் வழுகிப் பாதையில் விழுந்திருந்தது. மண்வாரி ஒன்று அள்ளி அள்ளி அந்தப்பக்கம் கொட்டிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரமாகும்?" என்று இறங்கிப்போய்க் கேட்டேன். கொடி பிடித்தவன் வானத்தைக் காட்டினான்.

ஒன்றரை மணி நேரம். நான் ஹாரன் அடித்தேன். முன்னால் முட்டைக்கோஸ் லோரிக்காரன் இறங்கி வந்து, "என்னா அங்கிள், அடிச்சா மண்ணு எந்திரிச்சுப் போயிருமா?" என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். கிரகரி கையைப் பிசைந்துகொண்டிருந்தான். நவமணி மடியில் சாப்பாட்டு டப்பா இருந்தது. வேலைக்குக் கொண்டுவந்தது.

"சாப்புடுவோம்" என்றாள்.

"இப்பவா?"

"வேற என்னா செய்யப் போறோம்?"

மூன்று பேரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். சோறு, நெத்திலி சம்பால், ஒரு அவித்த முட்டை. முட்டையை அவள் கிரகரிக்குத் தள்ளினாள், அவன் எனக்குத் தள்ளினான், நான் திருப்பி அவளுக்கே தள்ளினேன். டெபோராவிடமிருந்து அழைப்பு வந்தது. தானா ராத்தாவில் ஒரு கடையில் பகுதிநேர வேலை பார்க்கிறாள்.

"கெடைச்சிச்சாம்மா?"

"போய்க்கிட்டே இருக்கோம்டி. ரோட்டுல மண்ணு."

"அம்மா, இல்லன்னாலும் பரவால்லம்மா."

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்று நவமணி வைத்துவிட்டாள்.

குகனின் பட்டறையில் நாங்கள் நுழைந்தபோது மணி மூன்று. ஒல்லியான ஆள், முழங்கை வரைக்கும் மரத்தூள். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "பொட்டி வீட்டுக்காரங்களா? வாங்க வாங்க. பாருங்க, எப்படி வந்திருக்குன்னு!" என்று துணியை விலக்கினார்.

எனக்கு அது எந்தப் பெட்டி என்றே தெரியவில்லை. பச்சை போய், சாம்பல் நிறக் கித்தான் தெரிந்தது. மூலைக்கு மூலை பித்தளை. மூடியைத் தனியாகக் கழற்றி நிறுத்தியிருந்தார். அதன் உட்புறத்தில் நீலக்கோடு போட்ட வெள்ளைத்துணி, அங்கங்கே கிழிந்து, சுத்தமாக இருந்தது.

"இருபது அடுக்குக்கு மேல தாளு" என்றார் குகன் பெருமையாக. "ரெண்டு நாள் ஈரத்துணி போட்டு ஊற வெச்சு உரிச்சேன். கடைசி அடுக்குல என்னமோ பசை, துத்தம் போட்டது, உசுரை வாங்கிருச்சு. ஆனா அந்தப் பசைதான் துணியைக் காப்பாத்துச்சு. ஒரு பூச்சி அரிக்கல."

"அந்தத் தாளு எங்கண்ணே?" என்றாள் நவமணி.

"மூடித்தாளா? அது குப்பைக் காடியில போயிருச்சே, திங்கக்கெழமையே. பொட்டி உள்சுவத்துல இருந்த தாளுங்கதான் அந்த வாளியில கெடக்கு." எங்கள் முகத்தைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார். "ஏன்? என்ன ஆச்சு?"

நான் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த மனிதன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார். திடீரென்று எழுந்து, "படம்! படம் எடுத்திருக்கேன், பழுதுக்கு முன்னாடி எப்பவும் எடுப்பேன்!" என்று ஓடிப்போய்க் கைப்பேசியைக் கொண்டுவந்தார். கிரகரி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். பெட்டி முன்பக்கம், பின்பக்கம், பூட்டு, கீல். மூடியின் உட்புறம். மணியும் நட்சத்திரமும் போட்ட கிறிஸ்துமஸ் தாள். அடுத்த படம், வெறும் நீலக்கோட்டுத் துணி. இரண்டுக்கும் நடுவில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. முன்னும் பின்னுமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். சோறு தின்பதைக்கூடப் படம் எடுக்கிற காலம் இது. பதினைந்து நாளைக்கு முன் நாங்கள் ஐந்து பேர் கைப்பேசியோடு அந்தப் பெட்டியைச் சுற்றி நின்றிருந்தோம், மேல்தாளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. என்னைச் செருப்பால் அடித்தால் தகும்.

நவமணி வாளியிடம் குந்திவிட்டாள். கூழில் கைவிட்டு, துண்டு துண்டாக எடுத்து, சிமெந்துத் தரையில் விரித்தாள். பூவிதழ் பிரிக்கிற கை, ஒன்றைக்கூடக் கிழிக்கவில்லை. சிலவற்றில் மை அழியாமல் இருந்தது.

"வடிவம்மாள், நாலாம் லயம், ஆண், ஆறு பவுண்டு. இது நம்ம ராசு அண்ணன்ல? செத்துப்போச்சு." இன்னொன்றை விரித்தாள். "மணியம்மா, ரெண்டாம் லயம், பெண். இது கிள்ளானுக்குப் போயிட்டாங்க." இன்னொன்று. "இது யாருன்னு தெரியல."

இருபத்திரண்டு பிள்ளைகள் தேறின. அவள் இல்லை. கிரகரி வெளியே போய் நின்றான். திரும்பி வந்தான். மறுபடி வெளியே போனான்.

"இதையெல்லாம் கொண்டுபோய்க் காட்டுவோம்மா. இப்படி ஒரு புத்தகம் இருந்துச்சுன்னாவது தெரியும்ல?" என்றேன்.

"இதுல நான் இல்லையேண்ணே" என்றாள்.

லோகேஸ்வரன் வந்தபோது ஐந்தாகிவிட்டது. தரையில் காய்ந்துகொண்டிருந்த தாள்களைத் தாண்டித் தாண்டி வந்தார். வந்தவர் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் டீ வாங்கிவரச் செய்தார். "நான் கேட்டிருக்கணும். உள்ள என்ன ஒட்டியிருக்குன்னு கேட்டிருக்கணும். முப்பது வருசத் தொழில்ல இருக்கேன்" என்று நாலு தடவை சொன்னார். "பொட்டியைத் திருப்பிக் குடுத்துடறேன்மா, பணம் வேணாம்" என்றார்.

"பொட்டி எதுக்கு சார்?" என்றான் கிரகரி.

அவருடைய பையிலிருந்து ஒரு கெட்டி உறை நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கிரகரிதான் பார்த்தான். "அது என்னா?"

"ஒண்ணுமில்ல. பிரான்ஸ்லேருந்து வந்தது. அப்புறம் பாத்துக்கலாம்."

"படிங்க சார்."

"இப்ப வேணாம் கிரகரி."

"படிங்க. நம்ம வீட்டுப் பொட்டிதான. கேப்போம்."

அவர் படித்தார். எண் பதினெட்டாயிரத்து நானூற்று ஆறு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று, மார்ச் மாதம் ஆறாம் தேதி, லியோன் பட்டறையில் முடிந்தது. மரம் அறுத்தவன் பெயர் இன்னது, துணி ஒட்டியவள் பெயர் இன்னது. வாங்கியவர் பட்டு வியாபாரி, மார்செய் துறைமுகத்திலிருந்து பினாங்குக் கப்பல். முப்பத்தொன்றில் பழுதுக்கு வந்தது, இடப்பக்கக் கீல் மாற்றப்பட்டது. முப்பத்தெட்டில் கிளேட்டன் என்ற தேயிலைத் தோட்டக்காரருக்குக் கைமாறியதாகக் கடிதம் வந்திருக்கிறது. கீழே கையெழுத்து, முத்திரை.

"கீல் மாத்துனதுகூட இருக்கு" என்றான் கிரகரி. "ஆத்தாடி. பொட்டிக்குச் சூராட் பெரானாக் இருக்கு சார். எம் பொண்டாட்டிக்கு இல்ல. எம் மவளுக்கு இருக்கு, அதுல நீ இந்த ஊருக்காரி இல்லன்னு எழுதியிருக்கு. நல்லாருக்கு சார். ரொம்ப நல்லாருக்கு." டீயைக் குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தான்.

குகன் எழுந்து, தூசியே இல்லாத மேசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

லோகேஸ்வரன் உறையை மடித்தார். உள்ளே இன்னொரு தாள் இருந்தது. அதை மறைக்கப் பார்த்தார், நவமணி பார்த்துவிட்டாள்.

"அது என்னா சார்?"

"நெரப்புற ஃபாரம்மா. துரைக்கு அப்புறம் யாருகிட்ட இருந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியல. அதை நெரப்பி அனுப்பச் சொல்றாங்க, அந்த நோட்டுல சேக்குறதுக்கு. நான் பிறகு..."

"இப்பவே எழுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

"பேரு நவமணி. அப்பா பேரு இராமையா. சரி. பொறந்த தேதி?"

சொன்னாள்.

"பொறந்த எடம்?"

பதிவு ஆபீசில் எல்லாம் நின்றுபோகிற கேள்வி அதுதான். நவமணி கிரகரியை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். "ஏழாம் நம்பர் லயம்" என்றாள். லோகேஸ்வரன் எழுதினார். அடுத்த கட்டத்தில் 'நாடு' என்று இருந்தது. அவர் யாரையும் கேட்காமல், மலேசியா என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

"சார்."

"சொல்லுங்கம்மா."

"அத்தாட்சி ஒண்ணும் கேக்கலையே?"

"என்ன அத்தாட்சி?"

"நான் அங்கதான் பொறந்தேன்னு. இந்த நாடுதான்னு."

"நீங்கதான சொல்றீங்க. அவங்களுக்கு அது போதும்மா."

நவமணி ஈரக்கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"எம் மக பேரையும் எழுதுங்க சார்."

"அதுக்கு இதுல கட்டம்..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தாளின் ஓரத்தில் இடம் தேடினார். "சொல்லுங்க."

"டெபோரா. கிரகரி மக." தேதியைச் சொன்னாள், கிழமையைச் சொன்னாள். எத்தனை மணிக்கு வலி எடுத்தது, எத்தனை கிலோ எடை என்பதையும் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் எழுதினார்.

"நாடு எழுதுனீங்களா?"

"எழுதிட்டேன்மா."

"படிச்சுக் காட்டுங்க."

"டெபோரா, கிரகரி மகள், நாடு மலேசியா" என்று லோகேஸ்வரன் படித்தார்.

நவமணி இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.